கேள்வித்தாள்தான் நிஜமான பாடத்திட்டம்!

தேர்வுக்கு முதல் நாள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே யாரும் பாடப்புத்தகம் தேடுவதில்லை. "அஞ்சு வருஷத்துக் கொஸ்டின் பேப்பர் இருக்காண்ணே?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். மாணவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் செய்வது புத்திசாலித்தனமான காரியம். எதற்கு மதிப்பெண் கிடைக்குமோ அதைத்தானே எவரும் படிப்பார்கள்!

பி.காம் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். "வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்றால் என்ன? அதன் தேவைகள் யாவை?" என்று கேட்டால், வரையறையும் ஐந்து தேவைகளும் மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அவரே நாளை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறார். ரொக்க ஏட்டில் இருப்பு 40,000 ரூபாய், வங்கிச் செல்லேட்டில் 46,500 ரூபாய். இந்த 6,500 எங்கிருந்து வந்தது? கொடுத்த காசோலை 8,000 இன்னும் வங்கிக்குப் போகவில்லை, போட்ட காசோலை 1,000 இன்னும் வசூலாகவில்லை, வங்கிக் கட்டணம் 500 ஏட்டில் ஏறவில்லை. இதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. தேர்வு அவரிடம் இதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்றால், மதிப்பெண் பட்டியல் அவருக்கு எப்படி உதவும்?

இந்தப் பிரச்சினைக்கு ஜான் பிக்ஸ் என்ற கல்வி உளவியலாளர் 1996-ல் எழுதிய கட்டுரையில் ஒரு வழி சொன்னார். ஹாங்காங்கில் ஆசிரியர்களுக்கு உளவியல் கற்பித்தவர் அவர். முதலில் மாணவர் என்ன செய்யத் தெரிந்தவராக வெளியே போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், வகுப்பில் அதையே செய்ய வையுங்கள், தேர்விலும் அதையே சோதியுங்கள். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் தன் வகுப்பில் வழக்கமான தேர்வை விட்டுவிட்டார். உளவியலைத் தங்கள் பள்ளி வகுப்பில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கான சான்றுகளைத் தொகுத்துத் தரச் சொன்னார்.

இது இங்கே தெரியாத விஷயமா? இல்லை! பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-ல் வெளியிட்ட ஆறு படிநிலைகள், 2001-ல் திருத்தப்பட்டு, இன்று தமிழ்நாட்டின் பல பாடத்திட்டங்களில் கே1 முதல் கே6 வரை அச்சாகின்றன. நினைவுகூர்தல் கே1, புதிதாக உருவாக்குதல் கே6. முதல் பக்கத்தில் "மாணவர் நிதிநிலை அறிக்கைகளைப் பகுப்பாய்வு செய்வார்" என்கிற மாதிரி நோக்கம் இருக்கும். கேள்வித்தாளைத் திருப்பினால் "வரையறு", "குறிப்பு வரைக". பெயர்ப்பலகை மாறியது, கடைச் சரக்கு மாறவில்லை.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இணைப்புக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர் ஒருவர், வினாத்தாள் எடுப்பவர் எங்கோ இருக்கும் இன்னொருவர். எல்லாக் கல்லூரிக்கும் பொருந்த வேண்டும், திருத்துவதும் சுலபமாக இருக்க வேண்டும் என்றால் மனப்பாடக் கேள்விதான் பாதுகாப்பு. அறுபது, எழுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒப்படைப்பைப் படித்துக் கருத்து எழுதுவதும் லேசான காரியமில்லை.

ஆனாலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் 75 மதிப்பெண் வெளித்தேர்வுக்கு, 25 உள்மதிப்பீட்டுக்கு. அந்த 25-ல் பெரும்பகுதி பாடம் நடத்துபவரின் கையில் இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் இன்னொரு குட்டித் தேர்வாகவும், புத்தகத்தைப் பார்த்து எழுதிய ஒப்படைப்பாகவும் கரைந்துபோகிறது. அதற்குப் பதிலாக, பக்கத்துத் தெரு மளிகைக் கடையின் ஒரு மாத வரவு செலவை எடுத்துக் குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டுக்கு மாற்றி, இருப்பாய்வு தயாரிக்கச் சொன்னால்? நான்கு பேர் கொண்ட குழுவாகக் கொடுத்தால் திருத்தும் சுமையும் குறையும். கடைக்காரர் பில் இல்லாமல் வாங்கிய சரக்கை எங்கே எழுதுவது என்ற கேள்வி வரும்போது, எந்த கைடிலும் பதில் இருக்காது. படிப்பு அங்கேதான் தொடங்கும்.

ஜெராக்ஸ் கடைக் கூட்டத்தை அறிவுரையால் கலைக்க முடியாது. கேள்வி மாறினால் அது தானாகவே கலையும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?