கோடு இல்லாத கரை

மகன் மாப்பிள்ளையாகப் போனது மருதமுனைக்கு. கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கண்டியிலிருந்து நாங்கள் பஸ் ஏற வேண்டும். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோடுதான் எனக்குச் சோறு போட்டது. தூரிகை பிடித்தது அறுபதுக்குப் பிறகு. அதிலும் என்னை ஆட்கொண்டது கோட்டையே கரைத்துவிடும் ஒரு போக்கு: டோனலிசம்.

1880களில் தொடங்கி ஏறத்தாழ 1915 வரை அமெரிக்காவில் தழைத்த நிலக்காட்சி ஓவியம் அது. விடியல், அந்தி, மூடுபனி, நிலவு என்று வெளிச்சம் குறைந்த வேளைகளே அதன் களம். படம் முழுக்க ஒரே நிறத்தின் சாயல் ஓடும். மரமும் நீரும் வானமும் வெளிச்சத்தின் சின்னச் சின்னப் படிகளால் மட்டுமே பிரிந்து நிற்கும். ஜார்ஜ் இன்னெஸ் 1893இல் வரைந்த ‘நாரையின் வீடு’ படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். சதுப்பு நிலம், மங்கிய செம்பழுப்பு ஒளி, அதற்குள் உருகி நிற்கும் மரங்கள். இங்குள்ள கரைவாகு வட்டை வயல்வெளியை மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் அந்நியமாகவே இராது.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று ஓர் ஊர் முடிவது தெரியாமல் அடுத்தது தொடங்கும் மணற்கரை இது. கிழக்கே கடல், மேற்கே வயல். விடியலைக் கடலிலும் அந்தியை வயலிலும் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். ஓவியம் கற்கிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

அந்திக்கு நான் போவது கிட்டங்கித் தாம்போதிக்கு. மாரியில் வெள்ளம் அதற்கு மேலால் பாயும்; அது வடிந்த பிறகு இரு பக்கமும் நீர் விரிந்து கிடக்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் பச்சை, நீலம் எல்லாம் விலகி, வெளிச்சத்தின் படிகள் மட்டும் மிஞ்சும். தூரத்து மரவரிசை வானத்தைவிட ஒரு படிதான் இருட்டு. நீர், தான் ஏந்தும் வானத்தைவிடக் கொஞ்சம் மங்கல். கிட்ட நிற்கும் பன்பற்றைகூட முழுக் கறுப்பு இல்லை. இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் அந்தி போய்விடும்.

ஓவியர் விஸ்லர் 1870களில் தேம்ஸ் நதியின் இரவுகளை நினைவிலிருந்தே வரைந்தார். காட்சியை உற்றுப் பார்ப்பார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு கூட வந்தவரிடம் அதை ஒப்பிப்பார். தவறு இருந்தால் மறுபடி பார்ப்பார். நான் பேரனை நிறுத்தி ஒப்பித்தேன்.

“மூத்தாப்பா, தாம்போதிக்குக் கீழ வெள்ளையா ஒரு கீறு கிடக்கு. அத விட்டுட்டீங்க.”

படத்துக்கு உயிர் தந்தது அந்தக் கீறுதான்.

நிறங்களைச் சேர்த்துக் கட்டும் வித்தை சம்மந்தியின் தறிக்கூடத்தில் தெளிந்தது. மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். எல்லாக் கலவையிலும் ஒரே சாம்பல் நிறத்தைச் சிறிது கலப்பது டோனலிச ஓவியர்கள் கையாண்ட வழி என்று அவரிடம் சொன்னேன். அவர் தறியைக் காட்டினார்.

“பாவு சாம்பல்தான் காக்கா. ஊடு என்ன கலர்ல ஓட்டினாலும் அடங்கித்தான் வரும்.”

புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை அந்தத் தறி ஒரு முழத் துணியில் காட்டிவிட்டது. அன்றிலிருந்து கறுப்பும் அல்ட்ராமரின் நீலமும் அம்பர் மண்ணிறமும் கலந்த ஒரு சாம்பல்தான் என் பாவு.

கடலை வரைவது வேறு விதமான வேலை. 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டக் கரையில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இந்தக் கடலைக் காலண்டர் நீலத்தில் வரைய எனக்கு மனம் வரவில்லை. அப்போது துணைக்கு வந்தவர் ஐவன் பீரிஸ். 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’வின் ஓவியர், 1921இல் பிறந்தவர். இங்கிலாந்திலேயே பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 1988இல் மறையும்வரை இலங்கைக் கரைகளை நினைவிலிருந்து வரைந்தார். அவரை டோனலிஸ்ட் என்று சொல்ல மாட்டேன்; அவருடைய உருவங்களுக்குத் திடமான விளிம்பு உண்டு. ஆனால் அந்தக் கரைகளில் துயரம் ஒரு சம்பவமாக வராமல் ஒளியாகவே பரவியிருக்கிறது. நான் தேடியது அதைத்தான்.

சுபஹுத் தொழுகை முடிந்து கரைக்குப் போய், சூரியன் ஏறுமுன் பார்த்ததை வீட்டுக்கு வந்து வரைந்தேன். தோணி இல்லை, ஆள் இல்லை. அலை நுரைக்கும் தனி வெள்ளை வைக்காமல், அதே சாம்பலில் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினேன். உயிருள்ள உருவங்களைச் சுவரில் மாட்டாத வீடு அது. கூடத்தில் கஃபாவின் படம் மட்டுமே இருந்தது. மருமகளின் உம்மா என் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

“நம்மட கடல்தான். இப்படித்தான் இருக்கும், காலையில,” என்றவர், ஆணி அடிக்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டார்.