பர்மா உளுந்து

விருதுநகரில் பயறு வணிகம் கைவிரல்களின் தொழில். மூட்டையில் குத்தூசியைச் செருகி, சரிந்து விழும் மணிகளை உள்ளங்கையில் ஏந்தி, ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுவது வழக்கம். மூன்று தலைமுறையாக அப்படியே வாழ்ந்துவிட்டு, 2021 ஜூன் மாதத்தில் சகோதரர்கள் நாங்கள் இருவரும் ரங்கூனிலிருந்து ஒரு கன்டெய்னர் உளுந்து வரவழைத்தோம். 24 டன். ஒரு மணியைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை.

வழி திறந்தது தில்லியில். 2017 ஆகஸ்டில் உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று அரசு வரம்பு கட்டியது. பின்வந்த ஆண்டுகளில் அந்தப் பங்கும் ஆலைகளுக்கே போயிற்று. 2021 மே 15 அன்று தடை விலகியது. ஆனால் அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று ஒரு கெடுவும் உடன் வந்தது. (கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. அன்று அதை யார் அறிவார்?) மழையை நம்பித் தொழில் செய்தவர்கள் கப்பல் ஏற்றுச்சீட்டில் விழும் தேதியை நம்பத் தொடங்கினோம்.

பர்மாவில் உளுந்தை மாட்பே என்கிறார்கள். அவர்கள் அதை விரும்பி உண்பவர்கள் அல்லர்; விளைவதில் பெரும்பகுதி இந்தியாவுக்காகவே விதைக்கப்படுவது. 2017இல் இங்கே கதவு சாத்தப்பட்டபோது அங்கே விலை சரிந்தது. தன் வீட்டில் சமைக்காத ஒன்றை வயல் முழுக்க விதைத்துவிட்டு விற்க வழியற்று நிற்பவனின் நிலை எத்தகையது என்பதை அதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. பற்றாக்குறையானால் பர்மா வரும் என்பதோடு எங்கள் சிந்தனை நின்றுவிடும்.

சரக்கு அனுப்பியவர் ரங்கூன் தமிழர். 1964இல் மற்றவர்கள் கப்பலேறியபோது அவருடைய தகப்பனார் அங்கேயே தங்கிவிட்டாராம். எங்கள் தாத்தா பேசிய சொற்களை அவர் தொலைபேசியில் பேசினார். பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்நாட்டு வங்கிகள் முடங்கிக் கிடந்தன. “பத்திரம் வந்து சேரும் தம்பி, பயப்படாதீங்க” என்றார். அவர் குரலில் இருந்த பயத்தை நாங்கள் இருவரும் கேட்டோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆவணங்கள் வங்கிக்கு வந்ததும் பணம் கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். கட்டினோம். சரக்கு அப்போது கிள்ளான் துறைமுகத்தில் வேறு கப்பலுக்குக் காத்திருந்தது. வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தது. தூத்துக்குடியில் இறங்கியபின் பயிர்த் தொற்றுத்தடுப்பு அதிகாரிகளின் சோதனை, உணவுப் பாதுகாப்பு மாதிரி, சுங்கம். மீத்தைல் புரோமைடு புகையூட்டிய சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பெட்டி நகராது. இலவச நாட்கள் தீர்ந்தபின் கன்டெய்னர் வாடகை டாலரில் ஏறும். அந்தக் கணக்கை அண்ணன் தினமும் இரவில் போட்டார்.

வண்டு இல்லை. ஈரம் இல்லை. அம்மா ஒரு ஆழாக்கு ஊறவைத்து அரைத்து, “மாவு நம்ம உளுந்து அளவுக்குக் காணாது, பரவாயில்லை” என்றாள். ஆய்வகம் சொன்னதைவிட எங்களுக்கு இதுவே பெரிதாக இருந்தது. பத்து நாளில் விற்றுத் தீர்ந்தது. அடுத்து இரண்டு கன்டெய்னர்கள் கேட்டோம்.

தை மாதம் விளாத்திகுளம் கரிசலிலிருந்து, எங்கள் தந்தை காலம்தொட்டு உளுந்து கொண்டுவரும் பெரியவர் வந்தார். புரட்டாசியில் விதைத்து, பயிர் பூத்த நேரத்தில் பெய்த அடைமழையில் பாதி போக எஞ்சியது பதினொரு மூட்டை. விலையைச் சொன்னோம். அன்று காலை ரங்கூனிலிருந்து வந்த டாலர் விலையை ரூபாயாக்கி, துறைமுகச் செலவைக் கூட்டிப் பார்த்துச் சொன்ன விலை. ஊர் உளுந்துக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம்.

அவர் சுவரோரம் அடுக்கியிருந்த அயல்நாட்டுச் சாக்குகளைப் பார்த்தார்.

“இது எம்புட்டு அண்ணாச்சி வந்திருக்கு?”

அண்ணன் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, எடை போடச் சொன்னார்.