பழுது பார்ப்பவனின் தமிழ்

அறிவு நூலில் உள்ளது, தொழில் கையில் உள்ளது என்று பிரித்து வைக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ஏடு பிடித்தவனுக்கு ஆசனம்; எண்ணெய்க் கறை படிந்தவனுக்குத் திண்ணை. இப்பிரிவினை எத்துணைப் பொய்யானது என்பதை அறியத் தத்துவ நூல்கள் வேண்டியதில்லை. பழுதுபட்ட மின்பிறப்பாக்கி ஒன்றைத் திருத்துபவனின் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தாற் போதும்.

கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், களுதாவளைக்கு வடக்கே அமைந்தது தேற்றாத்தீவு. இங்கே காற்றிலும் உப்புண்டு. அது இரும்பையும் செம்பையும் ஓயாமல் அரிக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதனால் தீவு முழுவதுமே மின்னிழந்ததையும் இன்றைய தலைமுறை கண்டது. கோயிலும் திருமண வீடும் அரிசி ஆலையும் மின்பிறப்பாக்கியை நம்பி நிற்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

அவ்வியந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதுதான் 'றிலே'. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டளவில் கையாண்ட தத்துவமே இன்றும் அதன் உயிர். சிறு மின்னோட்டம் ஒரு கம்பிச்சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் ஒரு தகட்டை இழுக்கிறது. தகடு இரு முனைகளைச் சேர்க்கிறது. அம்முனைகளின் வழியே பெரிய மின்னோட்டம் பாய்கிறது. களைத்த குதிரையை நிறுத்திப் புதுக்குதிரையிற் செய்தியை ஏற்றி அனுப்பிய பழைய வழக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் இப்பெயர் வந்தது. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நாம் 'அஞ்சலோட்டம்' என்கிறோமே, அதே அஞ்சல்தான் இதுவும். புதிய மின்பிறப்பாக்கிகளில் மின்னணுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆயினும் அதன் கட்டளையைப் பெரிய மின்னோட்டமாக்கிக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் இன்னும் றிலேயினுடையதே.

சென்ற ஆண்டு, கோயில் திருவிழாவுக்கென வாடகைக்கு வந்த மின்பிறப்பாக்கியொன்று மாலையில் இயங்க மறுத்தது. சாவியைத் திருகினால் 'டிக்' என்ற ஒலி மட்டும் வந்தது. திருத்த வந்தவர் எட்டாம் வகுப்புக்கு மேற் படிக்காதவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் பெட்டியைத் திறக்குமுன்பே சொன்னார்: “சத்தம் வருது சேர். அப்ப சுருள் உயிரோடதான் கிடக்கு. முனைதான் கருகியிருக்கும்.”

மானியால் அளந்தபோது அவர் கூற்றே மெய்யாயிற்று. 85, 86 என எண்ணிட்ட கால்களுக்கிடையே, 12 வோல்ற் சுருளுக்குரிய ஏறத்தாழ 90 ஓம் தடை காட்டியது; 30, 87 என்ற கால்களுக்கிடையே, தகடு மூடிய பின்பும் மின்னோட்டம் செல்லவில்லை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் எழும் தீப்பொறி முனைகளைத் தின்றிருந்தது. மேலே கருகியிருந்தாற் பதமாகத் துடைக்கலாம். முரட்டு அரத்தாளைக் கொண்டு தேய்த்தால் முனையிலுள்ள வெள்ளிப்பூச்சே போய்விடும். குழி ஆழமானால் மாற்றுவதே முறை. அவர் மாற்றினார்.

எஞ்சின் இயங்கிற்று; சில நொடிகளில் நின்றது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எஞ்சினை நிறுத்துகின்ற காவற் சுற்று அதனை நிறுத்தியிருந்தது. பூசை நேரம் நெருங்கவே, வாடகைக்காரர் அச்சுற்றை விலக்கிக் கம்பியை நேராகக் கட்டிவிடுமாறு வற்புறுத்தினார். மறுத்தால் அன்றைய கூலிக்கே ஆபத்து. திருத்துபவரோ தலைநிமிரவில்லை: “இண்டைக்கு விளக்கு எரியும், நாளைக்கு எஞ்சின் எரியும். என்னால ஏலாது.” எண்ணெயின் அளவையும் அழுத்தத்தையும் சோதித்தார், இரண்டும் சரி. இறுதியில் றிலேயின் கால் ஒன்று பச்சைக் களிம்பேறி, எஞ்சின் அதிரும்போது தொடர்பிழப்பதைக் கண்டுபிடித்தார். களிம்பைச் சுரண்டிப் புதுக்காலிட்டு இறுக்கியதும் கோயில் ஒளி பெற்றது.

காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்லும் தருக்கமும், சோதனையால் ஐயம் தெளியும் முறையும், ஆபத்தான குறுக்குவழியை மறுக்கும் அறமும் அங்கிருந்தன. விஞ்ஞானம் என்பது இதுவன்றி வேறென்ன? ஆனால் அப்பெட்டியுடன் வந்த கைந்நூலில் ஒரு வரிகூடத் தமிழிலில்லை. அவர் தம் அறிவை எவ்வேட்டிலும் எழுதி வைத்தவருமல்லர். அவருக்குத் துணைநின்ற இளைஞனோ கட்டாருக்குப் போக விண்ணப்பித்துக் காத்திருக்கிறான். அவன் போனபின் அந்த அறிவு எங்கே தங்கும்?

தமிழால் இயலாது என்று எவரும் சொல்லற்க. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார்; நூல்களையும் தமிழாக்கினார். இதே கிழக்குக் கரையின் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்று அதனைக் கற்பித்தவர்; 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர்கள் இட்ட வழி தூர்ந்து போகவில்லை, நடப்பார்தாம் குறைவு.

சொற்களை அகராதியில் மட்டும் தேடிப் பயனில்லை. 'சுருள் உயிரோட கிடக்கு', 'முனை கருகிப்போச்சு' என்பன உழைப்பாளியின் வாயிற் பிறந்த கலைச்சொற்கள். தமிழ் கற்றோரும் தொழில் கற்றோரும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதி, பழுதுநீக்கும் சிறு கைந்நூல்களை ஊர்தோறும் ஆக்குதல் வேண்டும். அதற்குப் பெரும் பொருள் வேண்டா. உழைப்பவனிடம் கற்கும் பணிவே வேண்டும்.