பின்னால் கேட்கும் இசை

இன்னைக்கு ஒரு வீடியோ கேமோட பின்னணி இசையைப் பத்தி எழுதப் போறேன்.

"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு கேட்காதீங்க. கடைசியில் விஷயம் நம்ம கேஷுவாலிட்டிக்குத்தான் வந்து சேரும். கொஞ்சம் நீளமான திரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நான் எம்.பி.பி.எஸ். படிச்சப்ப எங்க ஹாஸ்டல் பிளாக்குக்கே நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணுதான். அதில் ராத்திரியெல்லாம் ஓடினது 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 2006ல் வந்த 'ஆப்லிவியன்'. வாள், மந்திரம், இடிஞ்ச கோட்டை, காடு, மலைன்னு ஒரு கற்பனை ராஜ்யம். நமக்குன்னு ஒரு ஆளை உருவாக்கிட்டு இஷ்டத்துக்குச் சுத்தலாம்.

கதை பாதி மறந்துபோச்சு. இசை மறக்கலை.

இசையமைச்சவர் ஜெரமி சோல். 2002ல் வந்த 'மாரோவிண்ட்', 2006 'ஆப்லிவியன்', 2011 'ஸ்கைரிம்', மூணுக்கும் அவர்தான். மூணுலயும் முகப்பு இசையில் ஒரே மெட்டு வேற வேற வேஷத்துல வரும். மாரோவிண்டில் அமைதியா ஆரம்பிச்சு மெல்ல வளரும். ஆப்லிவியனில் வேகம் பிடிக்கும். ஸ்கைரிமில் ஆண்கள் கோரஸ். 30 பேரை மூணு தடவை பாடவெச்சு, அடுக்கி, 90 பேர் பாடுற மாதிரி ஆக்கியிருப்பாங்க. பாடுறது அந்த கேமுக்காகவே உருவாக்கின டிராகன் மொழியில்.

ஒரே தீமை காதலுக்குப் புல்லாங்குழலாவும் பிரிவுக்கு வயலினாவும் ராஜா சார் மாத்திப் போடுறதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் சட்டுனு புரியும்.

ஆனா எனக்குப் பிடிச்சது முகப்பு இசை இல்லை. ஸ்கைரிமில் ராத்திரி நடந்து போகும்போது வர்ற 'செகுண்டா'. அந்த உலகத்துக்கு ரெண்டு நிலா. அதுல ஒண்ணோட பேர் இது. பெரிய சத்தமே இருக்காது. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, முதல் தடவை என் கண் முன்னாடி ஒரு நோயாளி இறந்த அன்னைக்கு, ரூமுக்கு வந்து கேம் ஆடாம அதை மட்டும் ஓடவிட்டுப் படுத்திருந்தேன்.

இந்த கேம்களில் இன்னொரு விஷயம் உண்டு. எதிரி உங்களைப் பார்த்துட்டா போதும், இசை மாறிடும். முரசு அதிரும். நீங்க அவனை இன்னும் பார்த்திருக்கவே மாட்டீங்க. எந்தப் பக்கம்னு திரும்பித் திரும்பித் தேடணும். சில நேரம் ஆத்தோரத்து நண்டு ஒண்ணு வந்து நிக்கும். அதுக்கும் அதே போர் முரசுதான்!

ஆபத்தைக் கண்ணுக்கு முன்னாடி காது கண்டுபிடிக்கும்.

இப்ப கேஷுவாலிட்டிக்கு வருவோம்.

விரல்ல கிளிப் மாதிரி மாட்டுவோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர். 1970களில் ஜப்பானின் டகுவோ ஆவோயாகி கண்டுபிடிச்ச தத்துவத்தில் ஓடுறது. மானிட்டரோட இணைச்சா ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் 'பீப்'னு ஒரு சத்தம் வரும். பலருக்கும் தெரியாத சங்கதி: ரத்தத்துல ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப்போட ஸ்ருதியும் இறங்கும். திரையைப் பார்க்கவே வேண்டாம். வேகத்தைக் கேட்டா இதயம் எப்படி ஓடுதுன்னு தெரியும். ஸ்ருதியைக் கேட்டா ஆக்சிஜன் தெரியும்.

எங்க வேலைக்கு இதுதான் பின்னணி இசை.

ஒரு நாள் ராத்திரி டியூட்டி. 108ல ஒரு தம்பியைக் கொண்டுவந்தாங்க. 22 வயசு இருக்கும். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு, பைக்ல ஜூஜுவாடி ரூமுக்குத் திரும்பிட்டு இருந்திருக்கான். பின்னால வந்த லாரி பக்கவாட்டுல உரசித் தள்ளியிருக்கு. ஹெல்மெட் போட்டிருந்தான். தலை தப்பிச்சது.

மூச்சைக் கவனிக்கக் குனிஞ்சேன். ஒரு காதுல இயர்பட் அப்படியே இருந்தது. அதுல பாட்டு இன்னும் ஓடிட்டு இருந்தது.

ஐ.வி. லைன் போட்டு, ரத்தம் கட்டுன இடத்தையெல்லாம் பார்த்துட்டு, சிஸ்டர்கிட்ட மருந்து சொல்லத் திரும்பினேன். மானிட்டர் என் முதுகுக்குப் பின்னால. பீப்... பீப்... ஒரு படி இறங்குச்சு. இன்னொரு படி. திரும்பிட்டேன்.

ஸ்டெதஸ்கோப் வெச்சா வலது பக்கம் காத்து போற சத்தமே இல்லை. கழுத்து நரம்பு புடைச்சு நிக்குது. உடைஞ்ச விலா எலும்பு நுரையீரலைக் குத்தி, காத்து வெளியே கசிஞ்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடைச்சு, நுரையீரலையும் இதயத்தையும் அமுக்குது. எக்ஸ்ரே எடுக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாத நிலை. விலா எலும்புகளுக்கு நடுவே பெரிய ஊசியை இறக்கினேன். 'உஸ்ஸ்'னு காத்து வெளியேறுச்சு.

அப்புறம் பீப் ஒவ்வொரு படியா மேலே ஏறுச்சு. நான் கேட்டதிலேயே நல்ல பின்னணி இசை அதுதான்.

நெஞ்சுல ட்யூப் போட்டு உயர் சிகிச்சைக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டான்.

சில வாரம் கழிச்சு பார்க்க வந்தான்.

"லாரி ஹார்ன் கேட்கலையா தம்பி?"

"பாட்டு கேட்டுட்டே வந்தேன் சார். சத்தமா வெச்சிருந்தேன்."

"விழுந்தப்ப பயந்துட்டியா?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "பயம் இல்ல சார். காலைல அம்மா ஊர்லருந்து வர்றாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு யாரு போவான்னுதான் நினைச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை.

ஏன் தெரியுமா? ஆப்லிவியன் இசைக்கு ஒரு பின்கதை இருக்கு. ஜெரமி சோல் ஒரு கார் விபத்தில் நூலிழையில் தப்பிச்சவர். கார் நொறுங்கும்போது பயம் வரலை, இவ்வளவு சீக்கிரம் இந்த உலகத்தை விட்டுப் போறோமேங்கிற துக்கம்தான் வந்ததுன்னு சொல்லியிருக்கார். வாழ்க்கையோட அருமையும் மனுஷங்களும்தான் அந்த இசையோட மையம்னும் சொன்னார். உலகத்தோட அந்தக் கோடியில் ஒரு இசையமைப்பாளர், இந்தக் கோடியில் ஒரு ஷிஃப்ட் தொழிலாளி. ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான்.

இப்ப என் கதை. அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஜூஜுவாடியில்தான் குடியிருக்கேன். நைட் டியூட்டி முடிச்சு ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போகும்போது ரெண்டு காதுலயும் இயர்போன். ஓடினது எது? அதே ஆப்லிவியன் இசை. விபத்துல தப்பிச்ச ஒருத்தர் போட்ட இசையைக் கேட்டுட்டு, அடுத்த விபத்துக்கு ரெடியா வண்டி ஓட்டியிருக்கேன்.

ஜூஜுவாடி தமிழ்நாட்டோட கடைசி ஊர். தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க லாரி ஓடும். அந்த ரோட்டுக்கும் ஒரு பின்னணி இசை இருக்குங்க. ஏர் ஹார்ன், டயர் இரைச்சல், பின்னால நெருங்குற இன்ஜின் உறுமல். கண்ணாடியில தெரியறதுக்கு முன்னாடியே காதுல விழும். அதை நாமே அடைச்சுட்டு ஓட்டுறோம்.

வண்டி ஓட்டும்போது இயர்போன் வேண்டாம். ஒரு காதுல மட்டும்னாலும் வேண்டாம். ஹெல்மெட் கண்டிப்பா வேணும்.

நான் இப்ப வீட்டுக்கு வந்து, குளிச்சுட்டு, படுத்துக்கிட்டுதான் 'செகுண்டா' கேட்கிறேன். தூரத்துல ஹைவே சத்தமும் கூடவே கேட்கும். இருக்கட்டும்.

ஷிஃப்ட் முடிச்சு பைக்ல வர்ற பிள்ளைங்க உங்க வீட்டுல இருந்தா, இதைப் படிக்கச் சொல்லுங்க.