கோடியிலிருந்து ஒரு கடிதம்

என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. தோட்டா கிடையாது. வைத்துக்கொள்ளவும் கூடாது.

நான் டெக்சாஸில் ஹெச்1பி விசாவில் இருப்பவன். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் போக, என்னைப் போன்றவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி, அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கியே இல்லை. பழம்பொருள். அந்த ஒரு சந்து வழியாகத்தான் நான் இந்தப் பைத்தியத்துக்குள் நுழைந்தேன்.

நுழைத்துவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வின்செஸ்டர் 1873 ஒன்றை என் கையில் கொடுத்து, "லீவரைத் தள்ளிப் பார்" என்றார். விசையைச் சுற்றி வளையம்போல் இருக்கும் லீவரை முன்னே தள்ளினால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும், சுத்தியல் பின்னால் சாயும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். தோட்டா இல்லாமல் வெறுமனே தள்ளி இழுத்தேன். பாட்டி வீட்டுத் தேக்கு அலமாரியின் பூட்டு திறக்கும்போது ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு சத்தம். அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

1873 மாடல் மொத்தம் 7 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை சாதா. கூடுதல் காசு கொடுத்தால் நியூ ஹேவனில் இருந்த தொழிற்சாலை டீலக்ஸாகச் செய்து தரும். அலையலையாக ரேகை ஓடும் வால்நட் மரம், பிடிக்கும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய பொடிக் கட்டங்கள், எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல் நிறங்கள் கலங்கிய இரும்பு. சோதனையில் மிக நன்றாகச் சுட்ட குழல்களைத் தேர்ந்தெடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பெயர் பொறித்து, 1870-களில் 100 டாலருக்கு விற்றார்கள். 1873 மாடலில் அப்படிச் செய்தவை நூற்று முப்பது சொச்சம்தான். அதை வைத்து 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து 'வின்செஸ்டர் '73' என்று படமே வந்தது.

'ஆயிரத்தில் ஒன்று' என் ஏழு தலைமுறைக்கும் எட்டாது. ஒரு துப்பாக்கிச் சந்தையில் ஒன்பதாயிரம் டாலருக்கு ஒரு டீலக்ஸ் கிடைத்தது. வீட்டு முன்பணத்துக்குச் சேர்த்திருந்த காசு. "வாங்குறதுக்கு முன்னாடி நம்பரைக் கோடிக்குச் சொல்லிக் கேளு" என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால் அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஏட்டில் இருப்பதைக் கடிதமாகத் தருவார்கள். நான் கேட்கவில்லை. கேட்பதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பயம். உண்மையில், பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

வாங்கிய பிறகு எழுதிப் போட்டேன். ஒரே பக்கத்தில் பதில் வந்தது. ரைஃபிள். எட்டுப்பட்டைக் குழல். சாதா விசை. 1884-ல் கிடங்கிலிருந்து அனுப்பப்பட்டது. அவ்வளவுதான். விசேஷ மரம் பற்றியோ, செதுக்கிய கட்டங்கள் பற்றியோ ஒரு சொல் இல்லை.

அன்றிரவு அடிக்கட்டையின் இரும்புத் தகட்டைக் கழற்றினேன். ஒரே துப்பாக்கிக்கான பாகங்கள் பிரிந்துவிடாமலிருக்க, மரத்திலும் தகட்டிலும் உள்ளிரும்பிலும் தொழிற்சாலையில் ஒரே எண்ணை அடிப்பதுண்டு. தகட்டில் எண் இருந்தது. இரும்பிலும் அதே எண். மரத்தில் ஒன்றுமே இல்லை.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "தங்கம்னு வாங்கிட்டு வந்து கவரிங்காப் போச்சா?"

"இரும்பு தங்கம்தான். மரம்தான் கவரிங்."

அவள் சிரிக்கவில்லை.

விற்றவர் ஃபோனை எடுக்கவில்லை. அடுத்த சந்தையில் ஒருவர் அதைக் கையில் வாங்கி, நான் முதல் நாள் தடவியதுபோலவே அந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். "எட்டாயிரத்து ஐநூறு தர்றேன். லெட்டர் இருக்கா?" என்றார்.

லெட்டர் என் பையில் இருந்தது. 'இல்லை' என்ற ஒரு சொல்லில் வீட்டுக்காசு திரும்பிவிடும். அவராகக் கோடிக்கு எழுதும்வரை அவருக்கும் சந்தோஷம்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரத்தை மாற்றியவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பழைய கட்டை உடைந்திருக்கலாம், அழகாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டுக்கூடச் செய்திருக்கலாம். மரத்தில் பொய் இல்லை. பிறகு யாரோ ஒருவர், கேட்டபோது பேசாமல் இருந்தாரே, பொய் அங்கேதான் பிறந்தது. இப்போது அந்த மௌனம் கைமாறி என்னிடம் வந்து நின்றது.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்தார், மடித்தார், துப்பாக்கியோடு சேர்த்துத் திருப்பித் தந்தார். "ரெண்டாயிரம் வேணா தர்றேன்" என்றார். கொடுக்கவில்லை.

2014-ல் நெவாடாவின் கிரேட் பேஸின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்ந்தபடி ஒரு 1873 கிடைத்தது. மரக்கட்டை வெயிலில் வெளுத்து வெடித்திருந்தது. 1882-ல் செய்தது என்று கோடியின் ஏடுகள் சொல்லின. யார் வாங்கினார், யார் சாய்த்துவைத்துவிட்டுப் போனார் என்று சொல்லவில்லை. அதை யாரும் பளபளப்பாக்கவில்லை. மேற்கொண்டு சிதையாமல் பார்த்துக்கொண்டதோடு சரி.

என் கடிதமும் அப்படித்தான். 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று கம்பெனி பின்னாளில் பெருமையடித்துக்கொண்டது. யாரிடமிருந்து வென்றது, இந்த ஒரு துப்பாக்கி யாரை நோக்கி நீண்டது என்று அந்த ஒரு பக்கத்தில் இல்லை. அதில் இருப்பது அந்தச் சில வரிகள்தான். அவற்றை மறைக்காமல் வைத்திருக்க வேண்டியது மட்டும் என் வேலை.

கடிதத்தை நான்காக மடித்து, ஒரு உறையில் போட்டு, லீவரில் நூலால் கட்டி வைத்திருக்கிறேன். மனைவி நேற்று கேட்டாள், "இதை அவுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

கேட்டுவிட்டு, அவளே நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.