கோழிகளின் வரிசை

தானியம் இறைத்ததும் கோழிகள் ஓடிவரும். ஆயினும் எல்லாம் ஒருங்கே உண்பதில்லை. ஒன்று முந்திக் கொத்தும். பிற விலகி நிற்கும். நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எப்பே இளமையிலேயே இதனைக் கூர்ந்து நோக்கினார். எக்கோழி எதனைக் கொத்துகிறது என்று ஏட்டில் குறித்துவந்தார். ஒவ்வொரு கோழியும் தன் இடத்தை அறியும் என்று கண்டு, 1922-இல் கட்டுரையாக வெளியிட்டார். வரிசை அமைந்தபின் சண்டை குறையும். புதுக்கோழி புகுந்தால் மீண்டும் மூளும். அவ்வரிசை என்றும் நேர்க்கோடு அன்று. கறுப்புக்கோழி சிவப்பைக் கொத்தும். சிவப்பு வெள்ளையைக் கொத்தும். சிற்சில வேளை வெள்ளையோ கறுப்பையே கொத்தும்! கடைசிக் கோழியைப் பலவும் கொத்தும். அது கொத்த எதுவும் இல்லை. அஞ்சி ஒதுங்கி, இரையின்றி அது மெலியும். ஆதலின் கோழி வளர்ப்பதில் தேர்ந்தோர் தானியத்தை ஓரிடத்தில் குவியாது, முற்றமெங்கும் பரவ இறைப்பர். அப்பொழுது வலியது உண்ணும்போதே எளியதும் உண்ணும்.