வீக்கம் வேறு, வலி வேறு

மருந்தியல் ஆய்வகத்தில் எலிகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன். புதிதாக வரும் மாணவர்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன், காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிறேன். வலியை அளக்கிற வேலையில் பாதி காத்திருப்புதான்.

அழற்சியை உண்டாக்க எங்கள் துறையில் அதிகம் புழங்குவது கேரஜீனன். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் இதைச் சேர்க்கிறார்கள். ஒரு சதவீதக் கரைசலில் 0.1 மில்லியை எலியின் பின்னங்கால் பாதத்தில், தோலுக்கடியில் செலுத்தினால் பாதம் வீங்கத் தொடங்கும். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். 1962இல் விண்டர், ரைஸ்லி, நஸ் ஆகியோர் வெளியிட்ட முறை இது. மூலிகைச் சாறானாலும் புது மூலக்கூறானாலும் இன்றும் இந்தச் சோதனைக்கு வந்துதான் போகிறது.

வீக்கத்தை அளக்க பிளெதிஸ்மோமீட்டர் இருக்கிறது. பாதத்தை அதன் திரவத்தில் முக்கினால், எவ்வளவு திரவம் விலகுகிறதோ அதுவே பாதத்தின் பருமன். கணுக்காலில் மையால் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வரைதான் முக்க வேண்டும். மொத்த வீக்கமே ஒரு மில்லிக்குள்தான் என்பதால் கோடு சற்றுத் தாண்டினாலும் கணக்கு கெட்டுவிடும்.

ஆனால் வீக்கம் வற்றியதாலேயே வலி தீர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. பாராசிட்டமாலையே பாருங்கள். வலியைத் தணிக்கும், ஆனால் வீக்கத்தை வற்றவைக்கும் வலு அதற்குக் குறைவு. ஆகவே வலியைத் தனியாக அளக்க வேண்டும்.

அதற்கு வான் ஃப்ரே இழைகள். மாக்ஸ் வான் ஃப்ரே என்ற உடலியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முடிகளை வைத்துத் தோலின் உணர்வைச் சோதித்தார். இன்று நைலான் இழைகள். கம்பி வலைத் தளத்தின் மேல் எலியை விட்டதும் அது மோப்பம் பிடிக்கும், சுற்றும், முகத்தைத் துடைத்துக்கொள்ளும். அதெல்லாம் அடங்க அரை மணி நேரமாவது ஆகும். பிறகு கீழிருந்து, பாதத்தின் நடுவில் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை மெல்ல அழுத்த வேண்டும். எலி காலை வெடுக்கென இழுத்தாலோ, உதறினாலோ, நக்கினாலோ வலிக்கிறது என்று பொருள். நடப்பதற்காகக் காலைத் தூக்கினால் அது கணக்கில் சேராது. காலை இழுத்தால் அடுத்து மெல்லிய இழை, இழுக்காவிட்டால் தடித்த இழை. இப்படி ஏறி இறங்கி வலியின் வாசலைக் கணக்கிடும் முறையைச் சாப்லனும் சகாக்களும் 1994இல் எலிகளுக்கு வகுத்தார்கள்.

அளப்பவரும் அளவைப் பாதிப்பார். ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தாலே, அவர் அணிந்த சட்டை இருந்தாலே கூட எலிகள் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014இல் கண்டது. அதிலிருந்து எங்கள் பதிவேட்டில் அளந்தவர் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. தொடங்கியவரே முடிக்க வேண்டும். எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்பது அவருக்குத் தெரியக் கூடாது.

ஒருமுறை என் மாணவி ஒருவர் ஓர் இலைச்சாற்றைச் சோதித்தார். அதிக அளவு கொடுத்த எலிகள் எந்த இழைக்கும் காலை இழுக்கவில்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்தான இண்டோமெதசினையே மிஞ்சிவிட்டது என்று அவருக்குப் பூரிப்பு. நான் ஓர் எலியைக் கையில் எடுத்தேன். நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தது. ரோட்டராட் கருவியின் சுழலும் தண்டில் விட்டோம். பிடித்து நிற்க முடியாமல் விழுந்தது. வலி போகவில்லை, காலை இழுக்கும் தெம்புதான் போயிருந்தது. சாறு எலியை மயக்குகிறதா என்று அழற்சி உண்டாக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்க்கச் சொல்லாதது என் தவறு. அந்த எலிகள் பட்ட வேதனையால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எண்ணை மட்டும் நம்புவதில்லை, எலியின் முகத்தையும் பார்க்கிறேன். வலியில் கண் இடுங்கும், காது பின்னால் சாயும், மீசை முடி நிலை மாறும். சுண்டெலியின் இந்த முகக்குறிகளுக்கு மதிப்பெண் போடும் முறையை அதே மோகிலின் குழு 2010இல் வெளியிட்டது.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெறிக்குழு அனுமதி தந்துவிட்டது என்பதோடு நம் கடமை முடிவதில்லை. அந்த வலியை உண்டாக்கியவர்கள் நாம். அதைச் சரியாக அளக்காவிட்டால் அதே சோதனைக்கு இன்னொரு கூண்டு எலிகள் வலிபட வேண்டிவரும். அவசரமாக இருக்கும் நாளில் இழையைக் கையில் எடுக்காதீர்கள்.